குழந்தைகள் முன்னிலையில் மண்பாண்டம் வனைந்து காட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறையில் தனியாக அமர்ந்து வனைவதும், முப்பது குழந்தைகள் சுற்றி அமர்ந்து கண்கொட்டாமல் பார்த்திருக்க வனைவதும் ஒரே வேலை அல்ல. பள்ளியிலோ நூலகத்திலோ கண்காட்சியிலோ முதன்முறையாகச் செய்து காட்ட ஒப்புக்கொண்டவர்களும், அவர்களை அழைத்த ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் பெரும்பகுதி செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை. சிலவற்றில் வேறு வனைபவர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்கலாம்?

குழந்தைகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் 10 நிமிடமே அதிகம். அதன்பின் அவர்கள் கையில் மண் வந்துவிட வேண்டும்; அந்தப் பகுதிக்கு 30 முதல் 40 நிமிடம் ஒதுக்கலாம். கை கழுவும் நேரத்தைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பது குழந்தைகளும் இரண்டு குழாய்களும் இருந்தால் அதற்கே கால் மணி நேரம் போய்விடும் என்பதை அழைப்பவர்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

எந்த வயதுக் குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம்?

பார்ப்பதற்கு வயது வரம்பு எதுவும் இல்லை. கையில் மண்ணைக் கொடுப்பதற்கு மட்டும், எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்தைக் கடந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சுழலும் சக்கரத்தில் தாமாகவே ஒரு சிறு கிண்ணம் எழுப்பும் வலிமையும் பொறுமையும் எட்டு அல்லது ஒன்பது வயதுக்கு முன் அரிதாகவே வருகின்றன.

எப்படிப்பட்ட மண்ணை, எவ்வளவு எடுத்துச் செல்ல வேண்டும்?

நீங்கள் வழக்கமாக வனையும் மண்ணைவிடச் சற்றே இளகலான மண் செய்து காட்டுவதற்கு ஏற்றது. இளகிய மண் விரைவில் மையத்துக்கு வந்துவிடும் (சக்கரத்தின் நடுவில் தள்ளாடாமல் சுழலும் நிலைக்கு வந்துவிடும்) என்பதால், நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணோடு மல்லுக்கட்டும் நேரம் குறையும். மிகவும் இளகிவிட்டாலோ கலம் உயராமல் தொய்ந்து உட்கார்ந்துவிடும். கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள்: ரேகை தெளிவாகப் பதிய வேண்டும், எடுக்கும்போது மண் விரலோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அதுதான் பதம்.

உங்களுக்கென்று ஒரு கிலோ உருண்டைகள் ஐந்தும் அரைக் கிலோ உருண்டைகள் இரண்டும் போதும். அவற்றை வீட்டிலேயே நன்றாகப் பிசைந்து உருட்டி, ஈரத்துணியில் சுற்றி, மூடியுள்ள வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். பிசைவதையும் காட்ட வேண்டும் என்று தோன்றினால் ஓர் உருண்டையை மட்டும் அவர்கள் எதிரில் பிசைந்து காட்டினால் போதும்; ஐந்தையும் அங்கே உட்கார்ந்து பிசைவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் குழந்தைக்கும் பொறுமை இருக்காது. குழந்தைகளுக்குத் தலைக்கு 200 கிராம் என்று கணக்கிடுங்கள். அது ஏறக்குறைய அவர்களுடைய மூடிய கைப்பிடி அளவுக்கு வரும். முப்பது பேருக்கு 6 கிலோ, கீழே போடுபவர்களுக்கும் 'இன்னும் கொஞ்சம்' கேட்பவர்களுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ கூடுதல்.

பட்டறையில் சேர்ந்த கழிவை ஊறவைத்து மீட்ட மண்ணைக் குழந்தைகளிடம் தருவதை நான் தவிர்க்கிறேன். அதில் உடைந்த ஊசிமுனையோ கம்பித் துணுக்கோ சுட்ட ஓட்டுச் சில்லோ ஒளிந்திருக்கக்கூடும். பொடித்த ஓடு அல்லது பருமணல் கலந்த சொரசொரப்பான மண்ணும் சிறு கைகளுக்கு உகந்ததல்ல.

மண்ணும் சக்கரமும் தவிர முன்கூட்டியே எதையாவது தயாரித்து எடுத்துச் செல்ல வேண்டுமா?

ஆம். அரைமணி நேரத்தில் குழந்தைகள் பார்ப்பது ஒரு கலத்தின் வாழ்க்கையில் முதல் சில நிமிடங்களை மட்டுமே. அன்று வனைந்தது, முந்தைய நாள் வனைந்து தோல் பதத்துக்கு (பாதி காய்ந்து, தோல்போல் உறுதியாகி, உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் நிலைக்கு) இறுகியது, முற்றக் காய்ந்தது, ஒருமுறை சுட்டது, மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) இட்டு மீண்டும் சுட்டது என்று ஐந்து நிலைகளிலும் ஒவ்வொரு சிறு கிண்ணம் இருந்தால், வார்த்தைகளால் விளக்க முடியாததை அவர்கள் தொட்டே தெரிந்துகொள்வார்கள். ஒரே எடையுள்ள மண்ணில் செய்து, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் மீதும் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறி வையுங்கள். சுட்டெடுத்தபின் அந்தக் கோடு 9 செ.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஒரு குழந்தையிடம் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அளவுகோல்தான் தவறு என்று யாராவது ஒருவர் கட்டாயம் வாதிடுவார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் முற்றக் காய்ந்த சுடாத துண்டையும் மற்றொன்றில் அதே அளவு சுட்ட துண்டையும் போடுங்கள். இரண்டிலிருந்தும் முதலில் சிறு சிறு குமிழிகள் நூல் பிடித்தாற்போல் மேலே ஏறும். சற்று நேரத்தில் சுடாத துண்டின் ஓரங்கள் செதில் செதிலாகக் கழலும், நடுப்பகுதி பிளக்கும், சில நிமிடங்களில் துண்டு இருந்த இடத்தில் கலங்கல் நீருக்கு அடியில் ஒரு சிறு மண்மேடு மட்டும் கிடக்கும். சுட்ட துண்டோ போட்டது போட்டபடியே இருக்கும். நெருப்பு மண்ணை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. துண்டு முற்றக் காய்ந்ததாக இருப்பது மிக முக்கியம், ஏனெனில் ஈரம் மிச்சமுள்ள துண்டு இவ்வளவு விரைவாகக் கரையாது. ஒருமுறை அவசரத்தில் தோல் பதத்தில் இருந்த துண்டைப் போட்டுவிட்டு, கால் மணி நேரம் "இதோ கரையப் போகிறது" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், குழந்தைகளும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இடமும் இருக்கைகளும் எப்படி அமைய வேண்டும்?

சக்கரத்தைச் சுற்றி அரைவட்டமாக, முன்வரிசை தரையிலும் பின்வரிசை நாற்காலியிலுமாக அமர்த்துங்கள். முன்வரிசைக்கும் சக்கரத்துக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும். வேகமாகச் சுழலும்போது சேற்றுநீர் அந்தத் தொலைவு வரைக்கும் தெறிக்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் உட்காரக்கூடாது. அவர்களுக்கு உங்கள் சட்டையைத் தவிர ஒன்றும் தெரியாது, போதாக்குறைக்கு மின்கம்பியும் அந்தப் பக்கம்தான் போகும்.

பெரியவர்கள் மறந்துவிடும் ஒன்று, குழந்தைகளின் கண்மட்டம். தரையில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கலத்தின் வெளிச்சுவர் மட்டுமே தெரியும், உள்ளே உங்கள் விரல்கள் செய்யும் வேலை தெரியாது. வனைதலில் பாதி உள்ளேதான் நடக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடியை நிறுத்தினால் இந்தக் குறை தீரும். கேமராவை மேலிருந்து தொங்கவிட்டுத் திரையில் காட்டுவதும் உண்டு. ஆனால் திரை இருந்தால் குழந்தைகள் திரையைத்தான் பார்க்கிறார்கள், மண்ணைப் பார்ப்பதில்லை என்பதால் நான் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தரையில் பிளாஸ்டிக் தாளை விரிக்காதீர்கள், ஈரம் பட்டால் வழுக்கும். கெட்டித்துணி நல்லது. மேசைகளில் செய்தித்தாளை விரித்தால் அது ஊறி மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். துணி சுற்றிய பலகையில் மண் ஒட்டாது.

வனையும்போது என்ன பேசுவது?

உங்கள் கை செய்வதை விவரிக்காமல் மண்ணில் நடப்பதைச் சொல்லுங்கள். "இப்போது என் இடது கையை இப்படி வைக்கிறேன்" என்ற வாக்கியம் வனையக் கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பயன்படும். குழந்தைக்கு அது வெறும் ஓசை. "இந்த மண் இப்போது தள்ளாடுகிறது, பாருங்கள்; இதை நிற்க வைக்கிறேன்" என்றால் எல்லாக் கண்களும் மண்ணுக்கு வந்துவிடும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: வந்திருப்பவர்கள் உங்கள் திறமையைப் பாராட்டிவிட்டுப் போவதைவிட, மண் எப்படி நடந்துகொள்கிறது என்று கண்டுகொண்டு போவது மேல்.

மண்ணை மையத்துக்குக் கொண்டுவருவதை ஓர் வித்தையைப் போலவே காட்டலாம். உருண்டையை வேண்டுமென்றே சற்று ஓரமாக அறைந்து வையுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கியதும் அது குதிக்கும், குழந்தைகள் சிரிப்பார்கள். பிறகு இரு கைகளாலும் அழுத்தி மண்ணைக் கூம்பாக எழுப்பி, மீண்டும் அமுக்கி இறக்கி, மையத்தில் நிறுத்துங்கள். மையத்துக்கு வந்த மண் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அசையாமல் நிற்பதுபோலவே தெரியும். அந்த நேரத்தில் கைகளை எடுத்துவிட்டு "இது சுற்றுகிறதா, நிற்கிறதா?" என்று கேளுங்கள். சபை இரண்டாகப் பிரியும். விரல் நுனியால் மேற்பரப்பைத் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்ல இழுத்தால், மண்ணில் ஒரு சுருள் கோடு தானாக விரியும். விடை கிடைத்துவிட்டது.

மையப்படுத்தும் அந்த அரை நிமிடத்திலும், சுவரை மேலிழுக்கும் ஒவ்வொரு முறையும், பேசாமல் இருப்பதே நல்லது. உங்களுக்கும் அது தேவை. அந்த அமைதியில்தான் குழந்தைகளும் உற்றுப் பார்க்கிறார்கள். இழுத்து முடித்தபின் தலையை நிமிர்த்தி, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். குனிந்தபடி பேசினால் சக்கரத்தின் இரைச்சலில் பின்வரிசைக்குக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தை கூட்டத்தில் இருந்தால் எதுவுமே போய்ச் சேராது.

என்ன வனைவது என்பதையும் பார்வையாளர்களை வைத்தே முடிவுசெய்யுங்கள். அகலமான தட்டு வனைவது கடினமான வேலை, ஆனால் எதிரில் இருப்பவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. உருளையாக எழும்பி, வயிறு உப்பி, கடைசியில் கழுத்து குறுகும் குடம் ஒவ்வொரு கட்டத்திலும் உருமாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு நிகர் வேறில்லை. வயிறு உப்பும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். உள்ளிருந்து ஒரு விரல் தள்ள, வெளிச்சுவர் மெதுவாகப் பெருப்பதைக் காணும் நொடியில்தான் கூட்டத்திலிருந்து ஓர் ஒலி எழும். விளிம்பை மெருகேற்றுவது, அடியைச் செதுக்குவது எல்லாம் பட்டறைக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கலம் சரிந்துவிட்டால் என்ன செய்வது?

சரியட்டும். மறைக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். நான் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதல் கலத்தை வேண்டுமென்றே சுவர் மெலிய இழுத்துச் சரியவிடுவேன். இது நாடகம், நேர்மையான வேலை அல்ல என்று சொல்லும் வனைபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் இதைக் கைவிடாததற்குக் காரணம் இருக்கிறது. சரிந்த மண்ணைச் சுருட்டி எடுத்து "இது மறுபடியும் மண்தான், இழப்பு எதுவும் இல்லை" என்று காட்டிய பிறகு மேசைக்குச் செல்லும் குழந்தைகள் தங்கள் கிண்ணம் பிளந்தால் அழுவதில்லை. பிசைந்துவிட்டு மீண்டும் தொடங்குகிறார்கள். பிழையே இல்லாத மூன்று குடங்களைப் பார்த்துவிட்டுப் போகும் குழந்தைகளோ தங்கள் கையில் இருப்பதைப் பார்த்ததும் சோர்ந்துவிடுகிறார்கள்.

சரிந்ததற்குக் காரணத்தையும் சொல்லுங்கள். அதிகமாகத் தண்ணீர் விட்டால் மண் உறுதியை இழக்கும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால், சுழற்சி அந்தப் பக்கத்தை வெளியே வீசப் பார்க்கும்.

நன்றாக வந்த கலத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டலாமா?

காட்டலாம், காட்ட வேண்டும் என்றே சொல்வேன். அறுக்கும் கம்பியை விளிம்பில் வைத்து அடிவரை நேராக இறக்கினால் கலம் இரு பாதிகளாகப் பிரியும். அடிச்சுவர் தடித்தும் மேற்சுவர் மெலிந்தும் இருப்பது, உள்ளே விரல் ஏறிய படிகள், எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். எத்தனை சொன்னாலும் புரியாத 'சுவரின் கனம்' அப்போது புரிந்துவிடும்.

ஆனால் சொல்லாமல் அறுக்காதீர்கள். நான் முதன்முறை அப்படிச் செய்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி விம்மி அழத் தொடங்கிவிட்டாள். அந்தக் குடத்துக்கு அவள் மனதுக்குள் பெயரே வைத்துவிட்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அன்று முதல் இரண்டு கலங்களை வனைந்து, எதை வைத்துக்கொள்வது, எதைத் திறந்து பார்ப்பது என்று குழந்தைகளையே முடிவுசெய்யச் சொல்கிறேன்.

ஒவ்வொரு குழந்தையையும் சக்கரத்தில் அமர வைக்க வேண்டுமா?

அழைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நடக்காது. ஒரு குழந்தைக்கு 3 நிமிடம் என்றாலும் 30 பேருக்கு 90 நிமிடம் ஆகும். அதில் ஒவ்வொருவரும் 87 நிமிடம் வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த 3 நிமிடத்திலும் உண்மையில் வனைவது குழந்தையின் கைமேல் இருக்கும் உங்கள் கைதான்.

அதற்கு மாற்றாக நான் செய்வது இது. ஒரு கிலோ மண்ணில் சுவர் ஒரு செ.மீ.க்குக் குறையாத தடிப்பான உருளை ஒன்றை எழுப்பி, சக்கரத்தை மிக மெதுவாகச் சுழலவிட்டு, குழந்தைகளை வரிசையாக வரச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு விரலை நனைத்து, சுவரில் பத்து விநாடி வைத்திருந்தால் அவர்களுடைய கோடு கலத்தைச் சுற்றிப் பதிந்துவிடும். கடைசி ஆள் தொடும்போது கலம் கோணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் முப்பது பேரும் சுழலும் மண்ணைத் தொட்டாகிவிட்டது, ஆறேழு நிமிடத்தில் வேலையும் முடிந்துவிட்டது. அழுத்தாமல் வைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கால்மிதி உங்கள் காலடியிலேயே இருக்கட்டும்.

சக்கரமே இல்லாமலும் நடத்த முடியுமா? நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால்?

நடத்தலாம். உருண்டையின் நடுவில் கட்டைவிரலைக் குழித்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே போனால் கிண்ணம். கயிறுபோல் திரித்த மண்ணை வளையம் வளையமாக அடுக்கி இழைத்தால் குடம். மனிதர்கள் சக்கரத்தைக் காண்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இப்படித்தான் செய்தார்கள். மின்சாரம் நிற்கும் நாளுக்காகக் கையால் திருப்பும் சிறு சுழல்பலகை ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

குழந்தைகள் என்னென்ன கேட்பார்கள்? எனக்கு விடை தெரியாவிட்டால்?

விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நான்கு கேள்விகள் எங்கு போனாலும் வரும், அவற்றுக்குத் தயாராக இருங்கள்.

"இது வெறும் சேறுதானே, ஏன் கீழே விழவில்லை?" மணற்பரல்கள் உருண்டையானவை, எனவே ஈரம் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். களிமண்ணின் துகள்களோ ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பகுத்தாலும் அந்தப் பகுதியைவிடச் சிறியவை, தகடு போன்றவை. தகடுகளுக்கு நடுவே நீர்ப்படலம் இருப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் எளிதில் பிரியாது. நனைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிவைத்து, நகர்த்தவும் பிரிக்கவும் முயலச் சொன்னால் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். தகடுகளின் ஓரங்களை மழுக்கிக்கொண்டு செல்லுங்கள்.

"சுட்டபின் ஏன் கரையவில்லை?" சூளையில் 100 டிகிரி செல்சியசில் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகிறது. ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள், துகளின் அமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊறவைத்தாலும் அது பழையபடி களிமண் ஆகாது. இன்னும் சூடேறி 900 டிகிரியைத் தாண்டும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன.

"சக்கரம் ஏன் அந்தப் பக்கமாகச் சுற்றுகிறது?" கட்டாயம் எதுவும் இல்லை. உலகில் பலர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றுகிறார்கள். ஜப்பானில் மரபாகக் கடிகாரத் திசையில் சுழற்றுகிறார்கள். எந்தக் கையால் கற்றுக்கொண்டோம் என்பதைப் பொறுத்தது அது.

"முதலில் இதை யார் செய்தார்கள்?" பெயர் யாருக்கும் தெரியாது. சீனாவின் சியான்ரென்டோங் குகையில் கிடைத்த பானை ஓடுகளின் வயது ஏறக்குறைய 20,000 ஆண்டுகள். சக்கரம் மிகவும் பிந்தியது, மெசொப்பொத்தேமியாவில் பொ.ஆ.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டில் அது புழக்கத்துக்கு வந்தது. ஆனால் குழந்தைகளிடம் நான் சொல்வது இவற்றையெல்லாம் விடப் பழைய ஒன்றை. செக் குடியரசின் டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில் 1925-இல் 11 செ.மீ. உயரமுள்ள சுடுமண் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. அதன் வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். 2004-இல் அதை நுணுகி ஆராய்ந்தபோது, சுடுவதற்கு முன் பதிந்த விரல் ரேகை ஒன்று தெரியவந்தது. அந்த விரல் 7 முதல் 15 வயதுக்குள் இருந்த ஒரு குழந்தையுடையது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் முன்னால் இருப்பவர்கள் தங்கள் கையிலுள்ள மண்ணைத் திருப்பி, அதில் பதிந்த தங்கள் ரேகையைப் பார்ப்பார்கள்.

மண்ணைத் தொடவே மறுக்கும் குழந்தையை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். ஈரமும் பிசுபிசுப்பும் சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே தாங்க முடியாதவை. கையைப் பிடித்து மண்ணில் அமுக்குவது எந்த ஆசிரியரும் செய்யக்கூடாத காரியம். ஒரு குச்சியையோ, கோடு கீறும் கருவியையோ, தோல் பதத்தில் இறுகிக் கையில் ஒட்டாத துண்டையோ கொடுத்துப் பாருங்கள். சிலர் அதிலிருந்து மெல்ல ஈர மண்ணுக்கு வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். இதற்கு நேர்மாறாக, பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால், முதலில் சக்கரம் நின்றிருக்கும்போதும் பிறகு மெதுவாகச் சுழலும்போதும் உங்கள் கைமீது கைவைத்துக் கலம் எழுவதை உணரச் செய்யுங்கள். அதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பாதுகாப்புக்கு என்னென்ன கவனிக்க வேண்டும்?

சுழலும் சக்கரத்தின் அருகே வரும் எவருடைய நீண்ட முடியும் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் துணி, சங்கிலி, வளையல் ஆகியவற்றைக் கழற்றவோ செருகவோ வேண்டும். இது முதலில் உங்களுக்கே பொருந்தும். மின்சக்கரம் தண்ணீரோடு புழங்கும் கருவி என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவி வழியாகத்தான் அதற்கு மின் இணைப்புத் தர வேண்டும். அறுக்கும் கம்பியும் ஊசியும் உங்கள் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. கையில் வெட்டுக்காயம் உள்ள குழந்தைக்குக் கையுறை கொடுங்கள். குழந்தைகளை அறிந்த பொறுப்பான பெரியவர் ஒருவராவது நிகழ்ச்சி முழுவதும் உடனிருக்க வேண்டும். நீங்கள் ஒரே நேரத்தில் வனையவும் வகுப்பைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

தூசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதுதான். உலர்ந்த களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். ஒரு நாள் நிகழ்ச்சியால் குழந்தைக்குக் கேடு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், காய்ந்த கலத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கொடுக்காதீர்கள், தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

குழந்தைகள் செய்தவற்றைச் சுட்டுத் தருவதாக வாக்களிக்கலாமா?

முடியும் என்றால் மட்டும். முடியாதென்றால் அதைத் தொடக்கத்திலேயே, மண்ணைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். செய்து முடித்தபின் வாளியில் போடச் சொல்வது பெரிய துரோகமாகத் தோன்றும். சுடாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் அதில் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்பதை அவர்கள் ஏற்கெனவே குவளையில் பார்த்திருப்பார்கள்.

சுடுவதாக இருந்தால் வேலை அன்றே தொடங்கிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கீறுங்கள். அருகில் வைத்த காகிதச் சீட்டு நனைந்து காணாமல் போகும். காது, வால், கைப்பிடி போன்றவற்றை வெறுமனே ஒட்டியிருந்தால் காயும்போது கழன்று விழும், எனவே இரு பக்கமும் கீறி, குழம்புச் சேறு தடவி அழுத்தச் சொல்லுங்கள். விரலைவிடத் தடித்த உருவங்களின் அடியில் குடைந்துவிடுங்கள். பிறகு தாளால் தளர்வாக மூடி, ஒன்று முதல் இரண்டு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய, கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்கிறார்களே?

பரவலாக நம்பப்படுவது, ஆனால் பழி போகவேண்டிய இடம் வேறு. வெடிக்கச் செய்வது நீர். தடித்த சுவருக்குள் ஈரம் மிச்சமிருக்கும்போது சூளையின் வெப்பம் 100 டிகிரியை விரைவாகத் தாண்டினால், அந்த நீர் தன் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய 1,700 மடங்கு நீராவியாக விரிய முயல்கிறது. வழி கிடைக்காததால் சுவரைப் பிளந்துகொண்டு வருகிறது. காற்று மட்டும் இருந்து முற்றக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குழந்தைகளின் வேலைகள் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், அவற்றைச் சுடும்போது சூளையை 100 டிகிரிக்குக் கீழேயே பல மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு அதன்பின் ஏற்றுகிறேன்.

மெருகுப் பூச்சையும் செய்து காட்டலாமா?

வேண்டாம். கலக்காத பூச்சுப் பொடிகள் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு உரியவை அல்ல. நிறம் வேண்டுமென்றால், தோல் பதத்தில் உள்ள கலத்தின் மேல் வண்ணக் களிமண் குழம்பைத் தூரிகையால் பூசக் கொடுங்கள். அதுவே போதுமான கொண்டாட்டம்.

நிகழ்ச்சியைப் படம் எடுக்கலாமா?

உங்கள் கைகளையும் மண்ணையும் எடுக்கலாம். குழந்தைகளின் முகம் தெரியும் என்றால் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகுதான்.

துணியில் பட்ட மண் போகுமா? கழிவுநீரை என்ன செய்வது?

வெண்ணிற மண் எளிதில் போய்விடும். இரும்புச்சத்து மிகுந்த செம்மண் வெளிர்துணியில் கறையாக நின்றுவிடலாம், எனவே பழைய உடையில் அனுப்பச் சொல்வது நல்லது. துணியை முதலில் வாளித் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டு அதன்பின் வழக்கம்போல் துவைக்கலாம்.

சேற்றுநீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இதில் எந்த ஐயமும் வேண்டாம், நானே ஒரு பள்ளியின் குழாயை அடைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். கழுவுமிடத்தில் மூன்று வாளிகளை வரிசையாக வைத்து, முதல் இரண்டிலும் கைகளை அலசிய பிறகே குழாய்க்குப் போகவிடுங்கள். வாளிகளை ஓரிரவு அசைக்காமல் வைத்தால் மண் அடியில் படிந்து தெளிநீர் மேலே நிற்கும். தெளிநீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, அடியில் உள்ள குழம்பைத் துணியில் கொட்டி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை உலரவிட்டுப் பிசைந்தால் அது மீண்டும் வனையத் தகுந்த மண். அந்த மண்ணை மட்டும் தனியே குறித்து வையுங்கள். முப்பது பேரின் கைகளில் புரண்டதில் ஒரு பொத்தானோ பென்சில் முனையோ கட்டாயம் இருக்கும்.